ஒரு டாலர்க் கடிகாரம்



ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் முதல், “இனி என்ன செய்வதாக உத்தேசம்?” என்று கேளாத நண்பர் இல்லை. அக்கேள்வி செவியில் விழும்போதெல்லாம் ஜோஷுவா ஸ்லோக்கம் என்ற கப்பல் தலைவரை நினைத்துக்கொள்வேன். அவருக்கு ஓய்வளித்தது வயதன்று, நீராவி.

ஸ்லோக்கம் 1844-ஆம் ஆண்டில், இன்று கனடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பதினான்காம் வயதில் வீட்டை விட்டோடி மீன்பிடி கப்பலொன்றில் சமையற்காரச் சிறுவனாகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து பெரிய பாய்க்கப்பல்களின் தலைவரானார். நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருக, பாய்க்கப்பலின் செல்வாக்கு தேய்ந்தது. 1887-இல் அவருடைய சொந்தக் கப்பலும் பிரேசில் கரையில் தரைதட்டிச் சிதைந்தது. அங்கேயே மனைவி மக்கள் துணையுடன் ஒரு சிறு படகு கட்டி மறு ஆண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஆனால் திரும்பி வந்தவரை நம்பித் தம் கப்பலை ஒப்படைப்பார் இல்லை.

1892-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், திமிங்கில வேட்டைக் கப்பலின் பழைய தலைவர் ஒருவர், “ஃபேர்ஹேவன் ஊருக்கு வாரும், உமக்கு ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும்” என்றார். போய்ப் பார்த்தால், கடலுக்குச் சற்றுத் தொலைவில், புல்வெளியொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டுக் கிடந்தது ‘ஸ்பிரே’ என்னும் பழம்படகு. ஊரார் அதை உடைத்து விறகாக்கத்தான் ஆள் வந்திருக்கிறார் என்று எண்ணினர். புதுப்பிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும், “இதில் இலாபம் உண்டா?” என்று கேட்டனர். ஓராண்டுக்கு மேல் இதே கேள்விதான்!

அவருடைய துணிவைப் புகழ்வோர் பலர். எனக்கோ அந்தப் புல்வெளியில் அவர் கழித்த பதின்மூன்று மாதங்களே பெரிதாகத் தோன்றுகின்றன. அருகிலிருந்த கருவாலி மரமொன்றைத் தம் கோடாரியாலேயே வெட்டி, ஏரா எனப்படும் அடிமரம் செய்தார். இளமரக் கம்புகளை நீராவிப் பெட்டியில் இட்டு, அவை துவண்டதும் ஒரு கட்டையின்மேல் வளைத்து இறுக்கி, விலாச்சட்டங்கள் அமைத்தார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியா பைன் பலகைகளைப் பொருத்தி, சந்துகளில் பஞ்சும் கயிற்று நாரும் திணித்துக் கலப்பற்றுச் செய்தார். ஒவ்வொரு பழைய உறுப்பையும் எடுத்து, அதே அளவில் புதியதை வைத்ததால், பழைய படகு எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கிற்று என்று கூறுதல் அரிது. செலவு 553 டாலர் 62 சென்ட். ஏறத்தாழ முப்பத்தேழு அடி நீளமுள்ள அப்படகில், அவர் கை அறியாத ஆணி ஒன்றுகூட இல்லை. பின்னர் அப்படகுடன் ஒரு பருவம் மீன்பிடிக்கவும் போய்ப் பார்த்தார். தூண்டிலுக்கு இரை கோக்கும் சாமர்த்தியம்கூடத் தமக்கு இல்லையென்று கண்டார்!

1895 ஏப்ரல் 24 அன்று, ஐம்பத்தோராம் வயதில், தன்னந்தனியராக உலகைச் சுற்றிவரப் பாஸ்டன் துறைமுகத்தினின்று நங்கூரம் எடுத்தார். வழியில் ஒரு கைவிடப்பட்ட தோணியைக் குறுக்கே வெட்டி, பாதியைத் துணைப்படகாக ஏற்றிக்கொண்டார். துணி துவைக்கும் தொட்டியும் அதுவே. இரட்டைத் திரி விளக்கொன்று இரவில் வெளிச்சம் தந்தது, பகலில் அடுப்பாயிற்று.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. ஆகவே நேரக்கணக்கில் நான்கு நிமிடம் தவறினால், தீர்க்கரேகை ஒரு பாகை தவறும். நிலநடுக்கோட்டருகே அது அறுபது கடல்மைல். இதற்காகவே மாலுமிகள் குரோனோமீட்டர் என்னும் நுட்பமான கடிகாரத்தை உயிர்போல் பேணினர். ஸ்லோக்கமிடம் பழையது ஒன்று இருந்தது. அதைச் சரிபார்த்துத் தரப் பதினைந்து டாலர் கேட்டார்கள். அவர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, யார்மத் துறையில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்தமையால் ஒரு டாலருக்குக் கிடைத்தது.

இது கஞ்சத்தனமா, அசட்டுத் துணிச்சலா? நானும் முதலில் அவ்வாறே ஐயுற்றேன். 1896-இல் பசிபிக் கடலில் நிகழ்ந்தது என் ஐயத்தைப் போக்கிற்று. நாற்பத்துமூன்று நாள் கரை காணாது சென்றவர், ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து தம் இடத்தைக் கணித்தார். விடை, தம் உத்தேசக் கணக்கினின்று பல நூறு மைல் விலகி நின்றது. ‘இது இருக்க முடியாது’ என்று துணிந்து, அச்சிட்ட அட்டவணையையே ஆராய்ந்தார். மடக்கை எண்களின் வரிசையொன்றில் பிழை இருந்தது! நூலின் பிழையை நூலைக்கொண்டே திருத்தும் கல்வி அவரிடம் இருந்தது. அக்கல்வியை எந்தக் கடையில் வாங்க முடியும்?

திட்டம் என்னவோ முதலிலேயே குலைந்தது. சூயஸ் கால்வாய் வழியே கிழக்கு நோக்கிச் செல்வதே அவர் எண்ணம். ஜிப்ரால்டரில் இருந்த ஆங்கிலக் கடற்படை அதிகாரிகள், மத்தியதரைக் கடலில் கொள்ளையர் உண்டென எச்சரித்தனர். வந்த வழியே அட்லாண்டிக்கைக் கடந்து, தென்னமெரிக்க முனைக்குத் திரும்பினார். திட்டம் மாறியது, படகை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

1897-இல் நம் இந்துமாக்கடலிலும் அவர் வந்தார். தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், இருபத்துமூன்று நாள். அத்தனை நாளிலும் அவர் சுக்கான் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேற்படவில்லை. சுக்கானைக் கட்டிவிட்டால், படகு தானே நேர்வழி சென்றது. அவரோ படித்தார், சமைத்தார், உறங்கினார். தகரக் கடிகாரம் நிமிட முள்ளை இழந்திருந்தது; கொதிநீரில் இட்டு எடுத்த பிறகு மீண்டும் ஓடிற்றாம். இவர் நீந்தத் தெரியாதவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

1898 ஜூன் 27 அன்று, 46,000 மைலுக்கு மேல் கடந்து, நியூபோர்ட் துறைமுகம் சேர்ந்தார். சில நாள் கழித்துப் படகை ஃபேர்ஹேவனுக்குச் செலுத்தினார். அதனை நீரில் இறக்கிய நாளில் கட்டிவைக்கக் கரையில் அடித்த முளை அப்படியே நின்றிருந்தது. அதிலேயே கயிற்றைக் கட்டினார்.