மறுப்புக்குள் வாழும் எதிர்வழக்கு: தமிழ்ப் பொதுவெளியில் அரசியல் விவாதத்தை அளப்பது எப்படி?

அரசியலையும் சமூகச் சிக்கல்களையும் பற்றிய பொது விவாதம் கெட்டுவிட்டது என்ற புலம்பல் இன்று எல்லாத் தரப்பிலும் கேட்கிறது. அதற்குக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் இரண்டு. பேச்சில் நாகரிகம் இல்லை என்பது ஒன்று. எவ்வளவு வாதிட்டாலும் யாரும் மனம் மாறுவதில்லை என்பது மற்றொன்று. இந்த அளவுகோல்களைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழ் வரலாற்றுக்குள் போனால் உருப்படியான விவாதம் என்று சொல்ல அநேகமாக எதுவுமே தேறாது. நம்முடைய பெரும் வாதநூல்கள் ஏளனத்துக்கு அஞ்சியவை அல்ல. பெரும் வாதிகளில் எதிராளியின் பக்கம் மேடையிலேயே சாய்ந்தவர்களும் அரிது. ஆகவே இக்கட்டுரை வேறோர் அளவுகோலை முன்வைக்கிறது: எதிர்த்தரப்பின் வழக்கு, அதை மறுப்பவரின் பேச்சுக்குள் அடையாளம் தெரியும்படி இடம்பெற்றிருக்கிறதா? இடம்பெற்றிருந்தால், சொல் எத்தனை காரமானாலும் அங்கே விவாதம் நடக்கிறது. இல்லையென்றால், பணிவான சொற்களால் நிரம்பியிருந்தாலும் அது தனிப்பேச்சுதான். எதிர்வழக்கைச் சரியாக எடுத்துரைக்கும் இந்தப் பழக்கம் தனிமனிதப் பெருந்தன்மையிலிருந்து பிறப்பது குறைவு. இருவருக்கும் பொதுவான அவையே அதைக் கட்டாயப்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற தொகைகளில் தங்கிய சில பாடல்கள் போக, அதன் வாதங்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கைத் தந்தது நீலகேசியும் அதற்கு வாமன முனிவர் எழுதிய சமயதிவாகரம் என்ற உரையும். நீலகேசியோ குண்டலகேசியை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல். ஆசீவகத்தின் கதி இன்னும் விசித்திரமானது. அச்சமயத்தாரின் சொந்த நூல் ஒன்றும் எஞ்சவில்லை. 1951இல் ஏ. எல். பாஷம் அதன் வரலாற்றை எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகரின் கொள்கைகளுக்கு மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்றையும் துணைக்கொண்டார். முதலாவது பௌத்த நூல், இரண்டாவது சமண நூல், மூன்றாவது சைவ நூல். மூன்றுமே ஆசீவகத்தை ஏற்காதவை. அழிந்துபோன ஒரு சமயத்தின் கொள்கையை அதன் எதிரிகளின் வாயிலிருந்து ஓரளவு மீட்க முடிகிறதென்றால், அந்த எதிரிகள் மறுப்பதற்கு முன் சொல்லிக்காட்டும் கடமையை ஏற்றிருந்தார்கள் என்பது பொருள். அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை ஒவ்வொரு மதத்தையும் முதலில் அதன் போக்கில் உரைத்து, பிறகுதான் மறுக்கிறது.

இதை மென்மை என்று எண்ணிவிடக் கூடாது. பௌத்தர் புலால் உண்பது பற்றி நீலகேசி பேசும் இடங்களில் ஏளனம் கொப்பளிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தைத் தாக்கி எழுதிய நூலுக்குச் சூறாவளி என்றே பெயர் வைத்தார். ஆயினும் அந்தச் சூறாவளி எதிராளியின் நூற்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டுதான் வீசுகிறது. காரமும் துல்லியமும் ஒரே ஏட்டில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்நூல்களில் வெற்றி தோல்வி முன்பே தீர்மானிக்கப்பட்டது, ஆசீவகன் தோற்பதற்காகவே வருகிறான், இதை விவாதம் என்பது எப்படி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. காப்பியத்துக்குள் நடப்பது நாடகம்தான். ஆனால் நாடகத்திலும் ஆசீவகனின் வாயில் ஆசீவகம் வைக்கப்படுகிறது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. மாற்றுச் சமயத்தாரோடு நேருக்கு நேர் நிற்க நேரும் மாணவனுக்குப் பொய்யான பரபக்கத்தைக் கற்றுக்கொடுத்தால், அவையில் அவன்தான் தலைகுனிவான். எதிராளியும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய சூழலில் எழுந்த நூல்கள் இவை என்று கருத இடமுண்டு. துல்லியம் இங்கே அறத்தைவிடத் தேவையைச் சார்ந்திருந்தது.

அச்சு வந்தபின் இந்தத் தேவைக்கு என்ன ஆயிற்று என்பதை அருட்பா – மருட்பா சண்டை காட்டுகிறது. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலான அன்பர்கள் திருவருட்பா என்ற பெயரில், திருமுறைப் பகுப்போடு வெளியிட்டார்கள். தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் உரிய இடத்தைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடலுக்குத் தரலாமா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அது வெற்றுப் பொறாமையிலிருந்து வந்த கேள்வியன்று. ஒரு சமயத்தின் புனித நூல்வரிசை மூடப்பட்டுவிட்டதா, மூடியவர் யார், திறக்கும் உரிமை யாருக்கு என்பவை எந்தச் சமூகத்துக்கும் அரசியல் கேள்விகளே. போலியருட்பா மறுப்பு என்ற வெளியீட்டில் அந்தக் கேள்வி இன்னும் தெரிகிறது. ஆனால் 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போனபோது விசாரணைக்கு வந்தது சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் யார் யாரை இழித்துப் பேசினார் என்பது. நூல்வரிசையைப் பற்றிய கேள்விக்கு அங்கே இடமில்லை. நீதிமன்றம் அவதூற்றைத் தீர்மானிக்கும். ஒரு பாடல் அருளால் வந்ததா என்பதைத் தீர்மானிக்காது. அதன்பின் அடுத்த தலைமுறையில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகள் மறுபக்கமுமாகச் சண்டை தொடர்ந்தது. கோட்டாற்றுப் பக்கத்து இசுலாமியப் புலவரான செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவுக்காக மேடையேறினார் என்பது, சைவருக்குள் தொடங்கிய வழக்கு எவ்வளவு தூரம் பொதுச்சொத்தாகியிருந்தது என்பதைக் காட்டும்.

இந்தக் கண்டன நூல்களின் வசைதான் பலருக்கு முதலில் கண்ணில் படுகிறது. வசையைவிடப் பெரிய இழப்பு வேறு. புதிய பாடல் திருமுறையாகலாமா என்ற கேள்வியின் இடத்தில், பாடியவரின் ஒழுக்கம் எப்படிப்பட்டது, மறுப்பவரின் புலமை எவ்வளவு என்ற கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. வாதத்தோடு வரும் வசை வேறு, வாதத்தின் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் வசை வேறு. நீலகேசியில் முன்னது, இங்கே நாளாக ஆகப் பின்னது. ஒவ்வொரு தரப்பும் தன் அன்பர்களின் பொருளுதவியில் அச்சிட்டுத் தன் அன்பர்களுக்கே வழங்கும் நிலையில், எதிர்வழக்கைத் திரித்துச் சொன்னாலும் முகத்துக்கு நேரே திருத்துவதற்கு ஆளில்லை என்பதே இதற்குக் காரணமாக எனக்குத் தோன்றுகிறது. ப. சரவணன் இந்த வெளியீடுகளைத் தேடித் தொகுத்து ஒரே நூலாக்கிய பிறகுதான் இரு தரப்பையும் அருகருகே வைத்துப் படிப்பது எளிதாயிற்று. நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் கூடிய அவை அது.

இதற்கு நேர்மாறான ஒன்று 1943இல் நடந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற சுயமரியாதை இயக்கத்தின் நிலைப்பாட்டை ஒட்டி, பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் சி. என். அண்ணாதுரையும் ரா. பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிரே பேசினார்கள். மார்ச் 14 அன்று சேலத்தில் அண்ணாதுரைக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார் நின்றார். நூலை எரிப்பது என்பதைவிடக் கடுமையான தீர்மானம் ஒரு விவாதத்துக்கு இருக்க முடியாது. நாகரிகத்தை அளவுகோலாகக் கொண்டால் அந்த அரங்குகளைத் திறந்திருக்கவே கூடாது. ஆனால் நடந்தது என்ன? கம்பனின் கவித்திறம் எதிர்த்தரப்பின் வலுவான சான்று. அண்ணாதுரை அதை மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டு, கவிதை அவ்வளவு அழகாக இருப்பதால்தான் அது சுமந்துவரும் ஆரிய மேன்மைக் கருத்து மக்கள் மனத்தில் ஆழமாக இறங்குகிறது என்று திருப்பினார். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில், பிறர் மதத்தை மேற்கொண்டு களைவது என்று ஒன்று உண்டு. ஏழு நூற்றாண்டு கழிந்தும் அதே உத்தி, புராண எதிர்ப்பு மேடையில் புதிதாக வேலை செய்தது.

ஏன் அவ்வாறு பேச வேண்டியிருந்தது என்பதற்கு அரங்கைப் பார்க்க வேண்டும். சேதுப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழறிஞர். பாரதியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். 1937இல் தொடங்கிய இந்தி எதிர்ப்பில் முன்னணியில் நின்றவர். எனவே அண்ணாதுரைக்கு அவர் பகைவர் அல்லர். பல கூட்டங்களில் இருவருக்கும் கைதட்டியவர்கள் ஒரே மக்கள். கம்பன் வெறும் குப்பை என்று சொல்லியிருந்தால் அந்த அவையே சிரித்திருக்கும். தமிழுக்கு உயிரைக் கொடுப்போம் என்ற கூட்டத்தின் முன்னால், தமிழின் பெருங்காப்பியத்தை எரிக்கச் சொல்பவர் அதன் தமிழைப் புகழ்ந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. யார் வென்றார் என்பதைப் பற்றி இயக்கத்தாரின் நினைவில் ஒரு கதையும் கம்பன் அன்பர்களின் நினைவில் வேறொரு கதையும் இருப்பதில் வியப்பில்லை. இரு தரப்பாரின் உரைகளும் தீ பரவட்டும் என்ற பெயரில் ஒரே புத்தகமாக வெளிவந்தது அதைவிட முக்கியம். திராவிட இயக்கச் சார்பில் வந்த வெளியீடு எதிராளியின் பேச்சையும் சேர்த்தே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போயிற்று.

அந்த அரங்குகளில் மனமாற்றம் நிகழ்ந்ததா என்றால், மேடையில் இருந்தவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1968 இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, முதலமைச்சராக இருந்த அண்ணாதுரையின் அரசு சென்னைக் கடற்கரையில் சிலைகள் வைத்தபோது கம்பனுக்கும் ஒரு சிலை கிடைத்தது. இதைச் சேதுப்பிள்ளையின் வெற்றி என்று சொல்வது அசட்டுத்தனம். ஆட்சிக்கு வந்த கட்சியின் தேவை, தமிழ் அடையாளத்தின் விரிவு என்று பல காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் கம்பனின் தமிழை மேடையிலேயே ஒப்புக்கொண்டவருக்கு இந்தச் சிலை முழு முரணாகியிருக்காது. அந்த ஒப்புதல் முன்பே பதிவாகியிருந்தது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மிகக் கடுமையான தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒடுக்குபவனின் வழக்கையும் எடுத்துரைத்துவிட்டுத்தான் ஒடுக்கப்பட்டவன் பேச வேண்டுமா? அவை பொதுவானது என்கிறீர்களே, அதற்குள் நுழைய யாருக்கு உரிமை இருந்தது? 1890களின் தொடக்கத்தில் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர், தம் மக்களைச் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரன், காட்டேரி போன்ற சாமிகள் உண்டே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்தாருக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர் பதில் சொன்னார். இந்தப் பதிலில் கோரிக்கை மறுக்கப்படவே இல்லை. கேட்டவர் யார் என்பது மட்டும் நினைவூட்டப்பட்டது. 1907இல் அயோத்திதாசர் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கித் தமக்கென ஓர் அவையை அமைத்துக்கொண்டது, பொது அவை என்ற பெயரில் இருந்தது பொதுவாக இல்லை என்பதற்கான தீர்ப்பு.

தடை வலுவானது. ஆனால் அது என் வாதத்தைச் சாய்க்கவில்லை. கடமை முதலில் யாருடையது என்பதைத் தெளிவாக்குகிறது. ஒடுக்கப்பட்டவருக்கு மேல்தட்டின் வழக்கு மனப்பாடம். அந்த வழக்கின் கீழ்தான் அவர் நாள்தோறும் வாழ்கிறார். எடுத்துரைக்கத் தவறியது எப்போதும் மறுபக்கம். இதற்கு மிகச் சிறந்த சான்றை அம்பேத்கர் தருகிறார். லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் 1936இல் தலைமையுரைக்கு அவரை அழைத்துவிட்டு, உரையின் சில பகுதிகளை மாற்றக் கேட்டு, அவர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற முடியாது என்றதும் மாநாடு நின்றுபோயிற்று. பேசப்படாத உரையை அவர் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. காந்தி ஹரிஜன் இதழில் அதை விமரிசித்து எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் காந்தியின் விமரிசனத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, அடுத்துத் தம் பதிலை வைத்தார். அந்தப் பதில் மென்மையானது என்று யாரும் சொல்ல முடியாது. அவை மறுக்கப்பட்ட மனிதர், தம் புத்தகத்தையே அவையாக்கி, மறுப்பவருக்கும் அதில் நாற்காலி போட்டார். இது பெருந்தன்மை என்று பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். காந்தியின் சொற்கள் அருகிலேயே இருந்தால்தான் தம் பதிலின் வலிமை வாசகருக்குப் புரியும் என்று கணக்கிட்ட வழக்கறிஞரின் செயல் அது. அந்நூல் விரைவிலேயே குடி அரசு வழியாகத் தமிழுக்கு வந்து, இங்கே வேறு விவாதங்களுக்கு விறகானது.

பொய்ச் செய்தியையும் இப்படி எடுத்துரைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கருத்து வேறு, புனைந்த தகவல் வேறு. புனைந்ததற்கு ஆவணத்தைக் காட்டினால் போதும். ஆனால் கருத்தைப் பொய் என்று பெயர்மாற்றி எடுத்துரைக்கும் கடமையிலிருந்து தப்பிக்கும் பழக்கம் எல்லாக் கட்சிகளிடமும் வளர்ந்துவருவதைச் சொல்லாமல் விடுவதும் சரியாகாது.

இன்றைய நிலைக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் பழி வேறிடத்தில் விழும். ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து வெட்டப்பட்ட அரை நிமிடத் துண்டு, முழுப்பேச்சை ஒருநாளும் கேட்கப்போகாதவர்களிடம் போய்ச் சேருகிறது. அதைத் திரித்தவரின் முன்னால் பேசியவரின் ஆட்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அருட்பாக் கண்டனங்களின் காலத்திலிருந்த அதே பிளவு இன்னும் வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மருந்தாக இப்போது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது, கடுஞ்சொற்களைத் தடைசெய்யும் நடத்தை விதி. அத்தகைய விதி முதலில் வெளியேற்றுவது நீலகேசியைத்தான். சென்னை மகாஜன சபையில் அயோத்திதாசருக்குப் பதில் சொன்னவர் வசைச்சொல் ஒன்றும் பேசவில்லை. அவருடைய இருக்கைக்கு அந்த விதியால் எந்த ஆபத்தும் வராது.