மதாம் போட்ட முதல்

டூப்ளே துரையை 1741-ல் மணந்தபோது ழான் அம்மாள் விதவை. பல பிள்ளைகளின் தாய். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார். கணவருக்காக நவாபுகளுடன் ரகசியக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அம்மாளுக்கு ஏச்சுத்தான் அதிகம். துபாஷின் காரியத்தில் துரைசாணி தலையிட்டால் பிள்ளைக்குப் பொறுக்குமா?

1754-ல் துரையின் பதவி பறிபோயிற்று. கம்பெனிக்காகச் செலவிட்ட சொந்தப் பணமும் திரும்பவில்லை. அம்மாளோ அவருடனேயே கப்பலேறினார். 1756-ல் பாரிஸில் கண்மூடும்வரை பிரியவில்லை.

ஏன்? ஒருவரை உறவில் நிறுத்துவது இன்பம் மட்டுமல்ல, வேறு போக்கிடம் இல்லாததும் அதில் போட்ட முதலும்கூட என்று 1980-ல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் காரில் ரஸ்புல்ட் சொன்னார். அம்மாளுக்குப் பிறந்த ஊர் இருந்தது. ஆகவே, பதின்மூன்று வருஷ முதல்தான் கட்டிப்போட்டது என்பேன்.

டூப்ளே 1758-ல் மறுமணம் செய்துகொண்டார்.