யாரைக் கைது பண்ணாங்க? எமர்ஜென்சியும் ஒரு மாணவர் போராட்டமும்

எனக்கு ஊரு மணப்பாறை. எங்க தாத்தா தினமும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில பேப்பர் படிச்சுட்டுத்தான் வேலைக்குப் போவார். எமர்ஜென்சி எப்படி இருந்துச்சுன்னு ஒருநாள் கேட்டேன். "பேப்பர்ல ஒண்ணும் வரலையேப்பா, நமக்கு என்ன தெரியும்?"னார். இன்னைக்கு அந்த 'ஒண்ணும் வரலை' பத்தித்தான் பேசப்போறோம்.

1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. உடனே பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை வந்துச்சு. அதாவது, அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே அதிகாரிகிட்ட காட்டி அனுமதி வாங்கணும். யாரைக் கைது பண்ணாங்க, எங்க வெச்சிருக்காங்கன்னு போட முடியாது. விசாரணை இல்லாம உள்ளே வைக்க 'மிசா' சட்டம் இருந்துச்சு.

அந்தச் சமயத்துல டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துல ஒரு மாணவியை நீக்கினாங்க. மாணவர் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க அவங்க. இதைக் கண்டிச்சு செப்டம்பர் கடைசியில மாணவர்கள் மூணு நாள் வகுப்பைப் புறக்கணிச்சாங்க. பிரதமர் இந்திரா காந்தியோட மருமகள் மேனகாவும் அப்போ அங்க மாணவி. செப்டம்பர் 25 காலையில அவங்க வந்தப்போ, வகுப்புக்குப் போக வேண்டாம்னு பேரவைத் தலைவர் டி.பி. திரிபாதி கேட்டுக்கிட்டார்.

கொஞ்ச நேரத்துல ஒரு கார் வந்துச்சு. மஃப்டி போலீஸ். அவங்க தேடி வந்தது திரிபாதியை. தூக்கிட்டுப் போனது பிரபீர் புர்காயஸ்தாங்கிற ஆராய்ச்சி மாணவரை! ஆளு மாறிப்போச்சுன்னு தெரிஞ்சும் விடலை. மிசாவுல ஏறக்குறைய ஒரு வருஷம் சிறை. திரிபாதியையும் பின்னாடி பிடிச்சுட்டாங்க.

நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? எமர்ஜென்சியை எதிர்த்த தி.மு.க. அரசை 1976 ஜனவரி 31 அன்னைக்குக் கலைச்சாங்க. கைதுகள் ஆரம்பிச்சுது. பேர்களைப் போட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்னைக்கு 'முரசொலி' ஒரு பட்டியல் போட்டுச்சு: அண்ணா நினைவிடத்துக்கு வர முடியாதவங்க யார் யார்னு. படிச்சவங்களுக்குப் புரிஞ்சுது, அது உள்ளே இருக்கிறவங்க பட்டியல்.

ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான்: பேரு. ஒருத்தரைப் பிடிச்சுட்டுப் போறது மட்டும் போதாது, அது வெளியே தெரியவும் கூடாதுன்னு அதிகாரம் நினைக்குது. தெரிஞ்சா, 'நான் மட்டும் இல்லை'ங்கிற தைரியம் மத்தவங்களுக்கு வந்துடும். அந்த மாணவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கலை. தங்கள்ல ஒருத்தரை நீக்கினப்போ, பேசாம வகுப்புல போய் உட்காரலை. அவ்வளவுதான். அந்தக் காலத்துல அதுவே பெரிய விஷயம்.

1977 மார்ச்சுல எமர்ஜென்சி முடிஞ்சுது. அத்துமீறல்களை விசாரிக்க ஷா கமிஷன் வந்துச்சு. புர்காயஸ்தா கைதும் அங்க பதிவாச்சு. அன்னைக்கு மறைச்சது இன்னைக்கு ஆவணம்.

உங்க வீட்லயும் 1975ல இருபது வயசுல இருந்தவங்க யாராவது இருப்பாங்க. இந்த வாரம் அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: அப்போ உங்களுக்கு என்னெல்லாம் தெரியாம இருந்துச்சு?