கிப்லாவும் காந்த ஊசியும்: நாம் மறந்துவரும் ஒரு கல்வி

ஊரில் இருக்கும்வரை தொழுகைக்கான திசையைப் பள்ளிவாசலின் மிஹ்ராபே நமக்குக் காட்டிவிடுகிறது. காட்டிலும் மலையிலும் பாலையிலும் பயணம் செய்வோர் அதனைத் தாமே கண்டறிந்தாக வேண்டும். கிப்லா தெரியாத இடத்தில் இயன்றவரை முயன்று அறிந்த பின்னரே தொழ வேண்டும் என மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூறுகின்றனர். முஸ்லிம்களிடையே திசையறியும் கலை செழித்ததற்கு இக்கடமையும் ஒரு பெருங்காரணம்.

தொடக்க நூற்றாண்டுகளில் கருவி எதுவும் இருக்கவில்லை. சூரியன் உதித்து மறையும் இடங்கள், துருவ விண்மீன், தென்வானில் ஒளிரும் ஸுஹைல் எனும் அகத்திய விண்மீன், பருவக் காற்றுகள் ஆகியவையே பயணிகளுக்கு வழிகாட்டின. விண்மீன்களைக் கொண்டு வழியறிவதை அல்குர்ஆனும் (6:97) நமக்கு நினைவூட்டுகிறது. எனினும் இவ்வடையாளங்கள் எல்லா ஊர்களிலும் ஒரே விடையைத் தரவில்லை. ஸ்பெயினின் குர்துபாப் பெரும் பள்ளிவாசல், கணக்கிட்டுப் பெறப்படும் கிப்லாவைவிட வெகுவாகத் தெற்கு நோக்கி அமைந்திருப்பதை இன்றும் காணலாம்.

இச்சிக்கலைக் கணிதத்தால் தீர்க்க முயன்றோரில் தலையாயவர் அல்பீரூனி. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள கஸ்னா நகரின் கிப்லாவைக் கண்டறிவதற்காகவே, நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வரையறுக்கும் நூலொன்றை அவர் 1025-இல் நிறைவு செய்தார். ஒரு வழியில் கிடைத்த விடையோடு அவர் நின்றுவிடவில்லை. வேறு வழிகளிலும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்.

காந்த ஊசி அதன் பின்னரே வந்தது. சீனர்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். 1242-இல் சிரியாவின் திரிபோலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலில் சென்ற பைலக் அல்கிப்ஜாக்கீ, இருண்ட இரவில் மாலுமிகள் நீர்நிறைந்த கிண்ணத்தில் ஊசியை மிதக்கவிட்டுத் திசையறிந்ததைக் கண்டு, பிற்காலத்தில் எழுதிவைத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில், யமன் நாட்டை ஆண்ட ரசூலி மரபின் அல்அஷ்ரஃப் உமர், இத்தகைய கிண்ணத் திசைகாட்டியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை விளக்கினார்.

ஆனால் ஊசி காட்டுவது காந்த வடக்கையே. அது மெய்யான வடக்கு அன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான கோணம் இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறுகிறது. தமிழகத்தில் அது மிகச் சிறியது. வட அமெரிக்காவின் சில பகுதிகளிலோ 15 பாகையைத் தாண்டுகிறது. 10 பாகை பிழையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால், நாம் சேர வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 175 மீட்டர் விலகிவிடுவோம். அடர்ந்த காட்டில் ஒரு நீரோடையையோ ஒற்றையடிப் பாதையையோ தவறவிட அதுவே போதும். அருகிலுள்ள இரும்புப் பொருளும் கைப்பேசியும்கூட ஊசியைத் திருப்பிவிடும்.

வரைபடத்திலும் இதே எச்சரிக்கை தேவை. அல்இத்ரீஸி 1154-இல் சிசிலி மன்னருக்காக உருவாக்கிய உலக வரைபடத்தில் தெற்கே மேற்புறத்தில் இருந்தது. எனவே எவ்வரைபடத்தைக் கையில் எடுத்தாலும், முதலில் அதன் வடக்கு எப்பக்கம் என்று பார்த்து, அதனை நிலத்தின் வடக்கோடு பொருந்துமாறு திருப்பி வைக்க வேண்டும். பின்னர் கண்ணுக்குத் தெரியும் இரண்டு குன்றுகளை வரைபடத்தில் அடையாளம் கண்டு, அவற்றின் திசைப்பாகைகளை அளந்து, காந்த விலகலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அக்குன்றுகளிலிருந்து நம்மை நோக்கி வரையும் இரு கோடுகளும் சந்திக்கும் இடமே நாம் நிற்குமிடம். மூன்றாவது குன்றொன்றால் அதனைச் சரிபார்ப்பது நன்று.

சென்னையிலிருந்து கிப்லா நேர்மேற்கில் இல்லை; மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்துள்ளது. கைப்பேசி இதனை நொடியில் காட்டிவிடும். ஆனால் மின்கலம் தீர்ந்த மலையுச்சியில் தொழுகை நேரமும் வரும், இருட்டும் வரும். அங்கே திசையறியாதவர் தொழுகைக்கும் தடுமாறுவார். வீடு திரும்பவும் தடுமாறுவார். நம் பிள்ளைகளை மலைப்பயணம் அழைத்துச் செல்லும்போது, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கிப்லாவைச் சூரியனாலும் ஊசியாலும் வரைபடத்தாலும் கண்டறியுமாறு அவர்களிடம் சொல்வோம். மூன்றும் ஒத்துவருகின்றனவா என அவர்களே சரிபார்க்கட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை வழங்குவானாக.