உருவம் சொல்லாத உறவு

1753-இல் லின்னேயஸ், தாமறிந்த லைக்கன்கள் அத்தனையையும் ஒரே பேரினத்தில் போட்டு ஆல்காக்களோடு சேர்த்துவிட்டார். அவருடைய மாணவரான சுவீடன் மருத்துவர் எரிக் அகாரியஸ் 1803-இல் அந்த மூட்டையை அவிழ்த்தார். உடலின் வடிவத்தையும் வித்துகள் உண்டாகும் கிண்ணங்களையும் அளவுகோலாக வைத்துப் பல பேரினங்களாகப் பிரித்தார். மகத்தான உழைப்பு அது. அவர் சூட்டிய பெயர்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன. ஆனாலும் உடலைப் பார்த்து உறவைச் சொல்லும் முறை லைக்கனிடம் வெகுதூரம் செல்லாது. அந்த உடல் ஓர் உயிரினுடையதன்று.

1867-இல் இதை அறிவித்தவர் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர். லைக்கனை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் மேலே இறுகப் பின்னிய நிறமற்ற இழைகள், அடியில் பச்சை மணிகள், அதற்கும் கீழே தளர்ந்த இழைகள் தெரியும். இழை பூஞ்சை, மணி ஆல்கா என்றார் அவர். லைக்கன் ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தனர். பாரிஸில் வாழ்ந்த பின்லாந்து அறிஞர் வில்லியம் நைலாண்டர், மணிகள் லைக்கனின் சொந்த உறுப்புகளே என்று கடைசிவரை வாதிட்டார். அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம். ரசாயனத் துளி விட்டு நிறமாற்றத்தால் லைக்கனை இனங்காணும் முறையைப் புகுத்தியவர் அவர்; இன்றும் அது கைகொடுக்கிறது. ஆல்காவிலும் சாதாரணப் பூஞ்சையிலும் காணாத வடிவம் லைக்கனில் இருக்கிறதே, அப்படியானால் அது தனி உயிரினம்தானே என்று கேட்கலாம். 1877-இல் எர்ன்ஸ்ட் ஷ்டால் பூஞ்சையின் வித்தையும் ஆல்காவையும் ஒன்றுசேர்த்து லைக்கனை வளர்த்துக் காட்டியதே இதற்கு வலுவான பதில்.

அப்படியென்றால் உறவைப் பூஞ்சையிடம்தான் தேட வேண்டும். பெயரிடல் விதிகளும் லைக்கனின் பெயரைப் பூஞ்சைக்கே உரியதாக்கிவிட்டன. 1995-இல் ஆண்ட்ரியா கார்காஸ் குழுவினர் பூஞ்சைகளின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, லைக்கன் வாழ்க்கை குறைந்தது ஐந்து முறை தனித்தனியே தோன்றியது என்று காட்டினர். நம் சமையலறைக் கல்பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெப்பமண்டல அமெரிக்க மலைகளில் வளரும் ‘கோரா’ என்ற லைக்கனும் சாம்பல் பூத்த, மடல் மடலான உடல் கொண்டவை. ஆனால் கல்பாசியின் பூஞ்சை, பென்சிலின் தந்த பூஞ்சை அடங்கிய பெரும்பிரிவைச் சேர்ந்தது. கோராவோ குடைக்காளான்களின் சொந்தம். பச்சைக் கூட்டாளியும் வேறு: கல்பாசியில் பசும் ஆல்கா, கோராவில் சயனோபாக்டீரியா.

மரபணுவை மட்டும் நம்பினால் கண்ணுக்குத் தெரியாத இனங்கள் பெருகிவிடாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. கோராவிலேயே அது சோதிக்கப்பட்டது. நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டதில் குறைந்தது 126 இனங்கள் இருப்பதாக 2014-இல் ராபர்ட் லூக்கிங் குழுவினர் கண்டனர். மரபணு பிரித்துக் காட்டிய பிறகு மாதிரிகளை மறுபடி பார்த்தபோது உருவத்திலும் வாழிடத்திலும் வேறுபாடுகள் புலப்பட்டன. ஆகவே அகாரியஸின் கண்ணை மரபணு செல்லாக்காசாக்கவில்லை. எங்கே உற்றுநோக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருகிறது.