மாத்திரைக்கும் மாத்திரைக்கும் ஆகாது

எய்ட்ஸ் மருந்தின் வரலாறு என்றால் எங்களைப் போன்ற காமர்ஸ் மாணவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது விலைதான். மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

கதை உண்மைதான். ஆனால் இது பாதிக் கதை. ஒரே உடம்புக்குள் இரண்டு நோய்களுக்கான மருந்துகள் போனால் என்ன ஆகும் என்பதுதான் மீதி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அப்போது கொடுக்க மருந்து எதுவும் இல்லை. அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1ம் தேதி. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று.

தாம்பரம் அதற்கு முன்பே காசநோய்க்குப் பேர் போன இடம். எச்.ஐ.வி.யோடு வந்த பலருக்குக் காசநோயும் இருந்தது. சிக்கல் இங்கேதான்.

நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை, அந்த உடைக்கும் வேலையைப் பல மடங்கு வேகமாக்கிவிடும். அப்போது இலவசத் திட்டத்தில் இருந்த நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்து, வேலையை முடிக்கும் முன்பே கரைந்துபோகும். ரத்தத்தில் மருந்து குறைந்தால் வைரஸ் அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து இருந்தும் பயனில்லை.

சென்னையில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் இதை நேரடியாகச் சோதித்தது. டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் குழுவின் அந்த ஆய்வு 2011ல் வெளியானது. இரண்டு நோயும் உள்ள 116 பேரில் ஒரு பிரிவுக்கு நெவிரபின், இன்னொரு பிரிவுக்கு எஃபாவிரென்ஸ், இரண்டுமே தினம் ஒரு வேளை. நெவிரபின் பிரிவில் சிகிச்சை தோற்றதும் இறப்பும் அதிகமாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எஃபாவிரென்ஸ் ஜெயித்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்து வந்தது ஹெபடைடிஸ் சி. கல்லீரலைக் கெடுக்கும் இந்த வைரஸும் ரத்தம் வழியாகப் பரவுவது. ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களில் பலருக்கு இரண்டு வைரஸும் சேர்ந்தே இருக்கும். பழைய ஹெபடைடிஸ் மருந்தான ரிபாவிரினை ஜிடோவுடினோடு கொடுத்தால் ரத்தசோகை மோசமாகும். டிடனோசினோடு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பிறகு சோஃபோஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர்! 2014ல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து விலை சரிந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசின் ஹெபடைடிஸ் திட்டமும் தொடங்கியது. இப்போது இரண்டு நோய்க்கும் மருந்து இலவசம்.

ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டாமா? காசநோயில் ஜெயித்த அதே எஃபாவிரென்ஸ், சோஃபோஸ்புவிரோடு கொடுக்கும் டக்லடாஸ்விரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் 60 மில்லிகிராம் கொடுக்கும் இடத்தில் 90 கொடுக்க வேண்டும். வெல்படாஸ்விரோடு எஃபாவிரென்ஸ் கூடவே கூடாது. ஒரு நோயில் காப்பாற்றிய மருந்து இன்னொன்றில் தடையாகிவிட்டது. விலைப்பட்டியலில் இது எங்கேயும் தெரியாது.

2020க்குப் பிறகு இந்தியாவில் எஃபாவிரென்ஸ் இருந்த இடத்துக்கு டொலுடெக்ராவிர் வந்தது. இது ஹெபடைடிஸ் மருந்துகளோடு சண்டை போடுவதில்லை. ஆனால் ரிஃபாம்பிசினோடு என்றால் தினம் ஒரு வேளை போதாது, இரண்டு வேளை கொடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அளவையும் இது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சர்க்கரை மாத்திரை ஏன் இங்கே வருகிறது என்று கேட்கலாம். எங்கள் திருக்கடையூருக்கு எங்கிருந்தெல்லாமோ அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறார்கள். 1986ல் எச்.ஐ.வி. என்று தெரிந்தவர் அறுபது வயதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இன்று மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் தாராளமாக அறுபதைத் தாண்டலாம். அந்த வயதில் எல்லோருக்கும் வரும் சர்க்கரை, பிரஷர் அவருக்கும் வரும். மாத்திரைகள் கூடும், பகையும் கூடும்.

எச்.ஐ.வி. என்றாலே ஒதுக்கும் ஊரில், பலர் அந்த மாத்திரையைச் சர்க்கரை டாக்டரிடம் மறைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. மருந்து இலவசமாகிவிட்டது. பயமில்லாமல் எல்லா மாத்திரையையும் மேஜையில் எடுத்து வைக்கும் நிலை இன்னும் எல்லோருக்கும் வரவில்லை. அதற்கு மருந்து கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.