குதிக்க வழி இருக்கிறதா?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்துச் சேலம் 300 மீட்டரைத் தொடாது. சேர்வராயன் மலையை ஒட்டி 2,000 மீட்டரில் ஒரு கிளைடர் வட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். சமவெளிக்கு மேலே இருக்கும்வரை விமானிக்கு 1,700 மீட்டர் இடைவெளி உண்டு. காபித் தோட்டங்களுக்கு மேலே நகர்ந்ததும் 500தான் மிச்சம். உயரமானியோ இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டும். இறக்கை முறிந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் விழுந்தால் அந்த 500 மீட்டர் 12 நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை அவிழ்த்து, எழுந்து குதித்து, பாராசூட்டின் கைப்பிடியை இழுத்தாக வேண்டும். பாராசூட்டின் வரலாற்றைத் துணியின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். விமானி வெளியேறும் வழியின் வரலாறாக அதைப் படிப்பதுதான் உயிர் காக்கும் என்பேன்.

மகாராஷ்டிரத்தில் பார்சி ரயில்பாதையை உருவாக்கிய எவரார்ட் கால்த்ரோப், முதல் உலகப் போர்க் காலத்தில் ‘கார்டியன் ஏஞ்சல்’ என்ற பாராசூட்டை வடிவமைத்தார். பிரிட்டன் தன் போர் விமானிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. எடை ஒரு காரணம். பாராசூட் இருந்தால் விமானத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம் இன்னொன்று. உயிரைப் பணயம் வைத்தவர்கள்மீது அப்படிச் சந்தேகப்பட்டது பெரும் அநியாயம். ஜெர்மானியர்கள் 1918-ல் பாராசூட் அணிந்தார்கள். ஜூன் 29 அன்று குதித்த விமானி எர்ன்ஸ்ட் ஊடெட்டின் பட்டை வால் சுக்கானில் மாட்டிக்கொண்டது. சுக்கானின் நுனியை ஒடித்துத்தான் விடுபட்டார். தரைக்குச் சுமார் 75 மீட்டர் இருக்கும்போதே பாராசூட் விரிந்தது. துணியில் பழுதில்லை, வெளியேறுவதில்தான் சிக்கல்.

கிளைடரின் குறுகிய காக்பிட்டில் சாய்ந்து கிடப்பவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. கழலும் மூடி தலையில் மோதாமல் பின்புறமாகச் சுழன்று விலக, ஜெர்மானியரான ரோகரின் பெயரால் ஒரு கொக்கி வந்தது. டிஜி என்ற கிளைடர் நிறுவனத்தின் ‘நோவா’ சாதனம் இருக்கைக்கு அடியில் காற்றுப்பையை ஊதி, விமானியைக் காக்பிட் விளிம்புவரை தூக்கிவிடுகிறது. ராக்கெட் இழுத்து விரிக்கும் பெரிய பாராசூட் விமானத்தையே தாங்கி இறக்கும்; குதிக்கவே வேண்டாம். இவையெல்லாம் செலவு, எடை, பழைய கிளைடருக்குப் பொருந்தாது என்பார்கள். நியாயம்தான். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து 1961-ல் பறந்த நம் ரோகிணி கிளைடர், இந்தச் சாதனங்களுக்கெல்லாம் முந்தியது. மிகத் தாழ்வில் நேரும் விபத்துக்கு முதுகுப் பாராசூட் உதவாது என்பதும் உண்மை. ஆனால் ஒரே வெப்பக் காற்றில் பலர் சேர்ந்து வட்டமிடும்போது நேரும் மோதலுக்கு அது உதவும், வெளியேறத் தெரிந்திருந்தால். அதைக் கற்கப் பணம் தேவையில்லை. பாராசூட் வாங்கும் ஒவ்வொரு கிளைடர் சங்கமும் தரையில் நிற்கும் கிளைடரிலிருந்து உறுப்பினர்களை வெளியேறச் சொல்லி, எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைக்கட்டும்.